வாசல் தேடிச் சென்ற மருத்துவர்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்



நோயுற்றவர் மருத்துவரை நாட வேண்டும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த உண்மை. ஆயினும், மருத்துவர் அருகிலேயே இருந்தும் அவருடைய உதவி கிட்டாமல் உயிர் நீத்தோர் முற்காலத்தில் எண்ணற்றோர். சிலரைப் பழைய வழக்கங்கள் தடுத்தன. சிலரைத் தொலைவும் வறுமையும் தடுத்தன. மருத்துவம் கற்றோர் மிகச் சிலரே என்ற குறை எல்லாரையும் வருத்தியது. இத்தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவதற்கே தம் வாழ்நாள் முழுவதையும் அளித்தார் ஒரு பெண்மணி. அவர்தாம் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

நம் முன்னோருள் பலர் தமிழகத்தின் வடஆற்காடு மாவட்டத்திலிருந்து கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். வேலூர், ஆரணி, குடியாத்தம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்ப் பெயர்களைத் தாத்தா பாட்டியர் வாயிலாகக் கேட்டறிந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இவ்வரலாறு அந்த மண்ணிலேயே நிகழ்ந்தது. ஆதலால் இது நமக்கு அயலார் கதையன்று.

பிறப்பும் இளமையும்

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் டாக்டர் ஜான் ஸ்கடர், தாயார் சோபியா. இவர்கள் அமெரிக்க நாட்டினர். கிறிஸ்தவ சமயப் பணியும் மருத்துவப் பணியும் ஆற்றிய குடும்பத்தினர். ஐடாவின் பாட்டனாரும் ஜான் ஸ்கடர் என்னும் பெயருடைய மருத்துவரே. அவர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தமிழ் மக்களிடையே தொண்டு புரிந்தவர்.

ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐடா. அவர் சிறுமியாக இருந்தபோது, 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, பயிர் கருகியது, மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். பட்டினியால் எலும்பும் தோலுமாய் இருந்த குழந்தைகளுக்குத் தம் பிஞ்சுக் கையால் ரொட்டித் துண்டுகளை ஊட்டியதை அவர் முதுமையிலும் மறந்தாரில்லை.

அதன்பின் குடும்பத்தார் அமெரிக்கா சென்றனர். சில ஆண்டுகளில் பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பினர். ஐடா கல்விக்காக அங்கேயே விடப்பட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்பீல்டு என்னும் ஊரிலிருந்த பெண்கள் பள்ளியில் அவர் பயின்றார். துடிப்பும் விளையாட்டுக் குணமும் நிறைந்த மாணவி அவர். இந்தியாவின் வெயிலையும் வறுமையையும் எண்ணும்போதெல்லாம் அங்குத் திரும்பவே கூடாது என்று அவர் மனம் கூறியது. மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கனவிலும் இருந்ததில்லை. தொண்டுள்ளம் சிலருக்கு மட்டும் பிறவியிலேயே அமைவது என்று நாம் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று என்பதற்கு இவரே சான்று.

ஓர் இரவு, மூன்று அழைப்புகள்

1890ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றார் என்னும் செய்தி வந்தது. தாயைப் பேணிவிட்டு விரைவில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடன் ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். தந்தையார் அப்போது அவ்வூரில் மருத்துவராக இருந்தார்.

ஓரிரவு ஐடா தம் அறையில் விளக்கொளியில் அமர்ந்திருந்தார். வாசலில் ஒருவர் வந்து நின்றார். அவர் பிராமண வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய இளம் மனைவி பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தாள். ஐடா தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். வந்தவரோ, வேற்று ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதை வழக்கம் அனுமதிக்காது என்று மறுத்துவிட்டார். மருத்துவம் அறியாத ஐடா என்ன செய்ய இயலும்? வந்தவர் கலங்கிய முகத்துடன் திரும்பிச் சென்றார்.

சற்று நேரத்தில் மற்றொருவர் வந்தார். அவர் ஒரு முஸ்லிம். அவருடைய மனைவியும் அதே நிலையில் இருந்தாள். ஆண் மருத்துவர் வேண்டா என்ற அதே மறுமொழி அவரிடமிருந்தும் வந்தது. நள்ளிரவுக்குள் மூன்றாமவர் ஒருவரும் வந்தார். அவர் வேறு வகுப்பைச் சேர்ந்த இந்து. அவரும் அவ்வாறே வந்து அவ்வாறே திரும்பினார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது புலர்ந்ததும் தெருவில் சாப்பறை கேட்டது. விசாரித்தபோது, அம்மூன்று பெண்களுமே இறந்துவிட்டனர் எனத் தெரிந்தது.

அதே ஊரில், நன்கு கற்ற மருத்துவர் ஒருவர் இருந்தார்; மருந்தும் இருந்தது; கருவியும் இருந்தது. இருந்தும் மூன்று உயிர்கள் ஓரிரவில் அணைந்தன. அழைக்க வந்த மூவரும் கொடியவர் அல்லர். தம் மனைவியர் பிழைக்க வேண்டுமென்றே இருளில் ஓடி வந்தவர்கள். அவர்களுக்கும் மருத்துவத்திற்கும் இடையே வழக்கம் என்னும் சுவர் எழுந்து நின்றது. அச்சுவரைக் கடக்க ஒரு பெண் மருத்துவரால் மட்டுமே இயலும் என்பதை ஐடா அக்காலையில் உணர்ந்தார். தாம் மருத்துவம் பயிலப் போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

மருத்துவக் கல்வி

அமெரிக்கா திரும்பிய ஐடா, 1895ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர், நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக் கொண்டபோது அங்கு மாறி, 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

கற்ற கல்வி பயன்பட ஒரு மருத்துவமனையும் வேண்டுமன்றோ? அதற்கான பொருளைத் திரட்ட அவர் பலரையும் நாடினார். நியூயார்க் நகரத்து வங்கியாளரான ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். அத்தொகையுடன் ஐடா புறப்பட்டு, 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழகம் வந்து சேர்ந்தார்.

தந்தையாரின் அருகிருந்து சில ஆண்டுகள் அனுபவம் பெறலாம் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால், அதே ஆண்டு மே மாதத்தில் தந்தையார் காலமானார். வழிகாட்ட வேண்டியவர் மறைந்தபின், வேலூரில் தம் இல்லத்தின் சிறிய அறையிலேயே அவர் மருத்துவம் தொடங்கினார். அவ்வீட்டுச் சமையற்காரரின் மனைவி சலோமி என்பவரே அவருக்கு முதல் உதவியாளர். எழுத்தறிவு குறைந்த அப்பெண்மணிக்குப் புண்ணைக் கழுவவும், கட்டுப் போடவும், மருந்தை அளந்து கொடுக்கவும் ஐடா பொறுமையுடன் கற்பித்தார். பின்னாளில் பல்லாயிரவரைப் பயிற்றுவித்த பெரும் பணிக்கு இதுவே தொடக்கமாக அமைந்தது எனலாம்.

இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 நோயாளிகள் அவரிடம் வந்தனர். 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வேலூரில் திறக்கப்பட்டது. பெண்கள் அச்சமும் கூச்சமும் இன்றி வந்து மருத்துவம் பெறும் இடமாக அது விளங்கியது. முதற் சுவர் இடியத் தொடங்கியது.

மரத்தடி மருத்துவம்

மருத்துவமனை எழுந்தது, ஆனால் ஒரு குறை நீங்கவில்லை. வேலூருக்கு நடந்து வரக்கூடியவர்களே அங்கு வந்தனர். இருபது மைல், முப்பது மைல் தொலைவிலுள்ள சிற்றூரார் என் செய்வர்? ஒரு நாள் கூலியை இழந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாத ஏழைகள் அவர்கள். மாட்டு வண்டிக்கும் காசில்லை. நோய் முற்றி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற நிலையில்தான் பலரைத் தூக்கி வந்தனர்.

நோயாளி மருத்துவமனைக்கு வர இயலாவிடில், மருத்துவமனை நோயாளியிடம் செல்ல வேண்டும் என்று அம்மையார் முடிவு செய்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் மருந்துப் பெட்டிகளுடன் புறப்பட்டார். தொடக்கத்தில் வண்டியிலும், 1909ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டில் செய்யப்பட்ட பெஜோ என்னும் சிறிய மோட்டார்க் காரிலும் அவர் பயணம் செய்தார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் வண்டியைக் கண்டு மக்கள் முதலில் அஞ்சி ஓடினர். பிறகு அதே வண்டியின் ஒலியை எதிர்பார்த்துச் சாலையோரம் காத்திருந்தனர்.

புளியமரத்தடியோ ஆலமரத்தடியோ அன்றைய மருத்துவமனை. கண்ணோயுற்ற குழந்தைகள், ஆறாப் புண்ணுடையோர், காய்ச்சலால் மெலிந்தோர், கருவுற்ற பெண்கள், முதியோர் என அனைவரும் அங்குக் கூடினர். ஊரார் ஒதுக்கி வைத்த தொழுநோயாளரும் அங்கு வந்தனர். அம்மையார் அவர்களையும் வெறுத்து ஒதுக்கவில்லை. அவர்தம் புண்களுக்கும் கட்டுப் போடப்பட்டது.

இம்முறையின் சிறப்பு எதில் உள்ளது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு புண் ஒரே நாளில் ஆறுவதில்லை. கட்டை அவிழ்த்துத் தூய்மை செய்து மீண்டும் கட்ட வேண்டும். கண்ணுக்கு ஒரு முறை மருந்திட்டால் போதாது. கருவுற்ற தாயை ஒரு நாள் பார்த்தால் மட்டும் போதாது. ஆகவே, மருத்துவர் மீண்டும் வருவார் என்னும் உறுதியே மருந்தைப் போன்று முதன்மையானது. வாரந்தோறும் அவ்வண்டி வந்தது. அதனால் மக்களிடையே நம்பிக்கை வளர்ந்தது. நம்பிக்கை வளர்ந்த இடத்திலேதான் அறிவுரை எடுபடும். புண்ணில் சாணமும் மண்ணும் அப்பலாகாது, குடிநீர் தூயதாக இருக்க வேண்டும், பேறு பார்ப்பவரின் கைகள் கழுவப்பட்டிருக்க வேண்டும் என்பன போன்ற சுகாதாரப் பாடங்கள், நம்பிக்கைக்குரியவர் சொன்னால்தானே மனத்தில் பதியும்?

கற்றோர் பெருகிட

இரண்டாம் சுவரும் தளர்ந்தது. ஆயினும் மூன்றாவது ஒன்று எஞ்சியிருந்தது. அதுவே எல்லாவற்றிலும் பெரியது. ஒரு சாலையில் அம்மையார் சென்ற நாளில், மற்ற நூறு சாலைகளில் நோயாளர் வீணே காத்திருந்தனர். ஒருவர் எத்துணை உழைத்தாலும் ஒருவரே. அயல்நாட்டிலிருந்து எத்தனை மருத்துவர் வரக் கூடும்? இம்மண்ணின் பெண்களே மருத்துவராகவும் தாதியராகவும் ஆனால் அன்றி இக்குறை தீராது என்று அவர் தெளிந்தார்.

மருத்துவத்தின் உறுப்புகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி புரிவோர் ஆகிய நான்கினைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்துள்ளார். அந்த நான்காம் உறுப்பை அம்மையார் முதலில் எடுத்துக் கொண்டார். 1909ஆம் ஆண்டில் வேலூரில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. தாதிமைத் தொழிலைத் தாழ்வாகக் கருதிய காலம் அது. தம் பெண்களை அப்பணிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். அத்தயக்கம் மெல்ல மெல்லவே நீங்கியது.

அடுத்து, பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி அமைக்க முனைந்தார். அரசு மருத்துவத் துறையின் தலைவர் ஐயம் கொண்டார். விண்ணப்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட வாரா என்று கருதினார். ஆனால் வந்த விண்ணப்பங்களோ 151. கற்கும் வாய்ப்புக்காக நம் பெண்கள் எத்துணை ஏங்கியிருந்தனர் என்பதை இவ்வெண்ணிக்கையே காட்டும். 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபு அப்பள்ளியைத் திறந்து வைத்தார்.

கட்டடமும் கருவிகளும் போதாத நிலையிலேயே பாடங்கள் நடந்தன. அம்மையாரே முன்னின்று கற்பித்தார். ஆண் மாணவர்களே தேர்ச்சி பெறத் திணறும் அரசுத் தேர்வில் இப்பெண்கள் எவ்வாறு வெல்வர் என்று பலரும் ஐயுற்றனர். 1922ஆம் ஆண்டில் முதற் குழுவினர் பதினால்வர் இறுதித் தேர்வெழுதினர். பதினால்வரும் தேறினர்! திண்டிவனத்தில் மூன்று பெண்கள் மாண்ட இரவுக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அதே மண்ணில் பயின்ற பெண் மருத்துவர்கள் ஊர்களை நோக்கிப் புறப்பட்டனர்.

பள்ளி வளர்ந்தது, வேலூர் நகரின் நடுவே பெரிய மருத்துவமனை எழுந்தது. 1928ஆம் ஆண்டில் காந்தியடிகள் வந்து இம்மருத்துவப் பள்ளியைப் பார்வையிட்டார். அதே ஆண்டில் பாகாயத்தில் 200 ஏக்கர் நிலத்தில் புதிய கல்விக் கூடத்திற்கான பணியும் தொடங்கியது.

முதுமையில் வந்த சோதனை

எழுபது வயதை நெருங்கும் வேளையில் அம்மையாருக்குப் பெருஞ்சோதனை வந்தது. வேலூர்ப் பள்ளி அதுவரை மருத்துவச் சான்றிதழ் வழங்கி வந்தது. பல்கலைக்கழகப் பட்டம் வழங்கவில்லை. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, மருத்துவக் கல்வி யாவும் பட்டப் படிப்பாகவே இருத்தல் வேண்டும் என்று விதித்தது. மக்கள் நலம் கருதிய விதிதான் அது. ஆனால் அதற்கேற்ப ஆசிரியரும், ஆய்வுக்கூடங்களும், படுக்கைகளும் பெருக வேண்டும். இல்லையேல் பள்ளியை மூட வேண்டும்.

பிறராயின் இத்துடன் ஓய்வு கொண்டிருப்பர். அம்மையாரோ 1941ஆம் ஆண்டில், உலகப் போர் மூண்டிருந்த காலத்தில், அமெரிக்கா சென்றார். ஊர் ஊராகச் சென்று பேசிப் பொருள் திரட்டினார். 1942ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பு வேலூரில் தொடங்கியது. 1946ஆம் ஆண்டில் தாதியருக்கும் பட்டப் படிப்பு வந்தது. 1947ஆம் ஆண்டில் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கென எழுந்த கல்லூரியில் ஆண்களைச் சேர்ப்பதா என்று நண்பர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்ததுண்டு. எனினும், கல்லூரி நிலைத்தால்தான் மக்களுக்கு மருத்துவர் கிடைப்பர் என்ற எண்ணமே வென்றது.

1946ஆம் ஆண்டில் அம்மையார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நட்ட மரம் வேரூன்றியது கண்டு அம்மையார் மகிழ்ந்தார். இறுதிக் காலத்தைக் கோடைக்கானலில் கழித்த அவர், 1960ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் தம் 89ஆம் வயதில் இயற்கை எய்தினார். வேலூர் நகரமே திரண்டு கண்ணீருடன் அவரை வழியனுப்பியது. அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. ஆயினும் அவரை அன்னையெனப் போற்றியோர் பல்லாயிரவர்.

ஓர் அறையில் தொடங்கிய அம்மருத்துவமனை இன்று இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. அதன் சமுதாய நலப் பிரிவினர் இன்றும் சுற்று வட்டாரச் சிற்றூர்களுக்குச் சென்று பணி புரிகின்றனர். மரத்தடி மருத்துவத்தின் வழி இன்னும் மறையவில்லை.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

தோட்டத்துப் பெரியோர்களே! நம் நாட்டிலும் முற்காலத்தில் தோட்டத்து லயங்களில் பேறுகாலத்திலும் காய்ச்சலிலும் மாண்டோரை நம் குடும்பங்கள் அறியும். இன்று கிராமச் சுகாதார நிலையங்களும் தாய் சேய் நலக் கிளினிக்குகளும் உள்ளன. அரசாங்கத் தாதியர் வீடு தேடி வந்தும் பார்க்கின்றனர். அன்று கதவுகள் அடைபட்டிருந்தன. இன்று கதவு திறந்திருந்தும், உள்ளே செல்ல நாமே தயங்கினால் யார் என் செய்வது? கருவுற்ற பெண்கள் முதல் மாதங்களிலேயே பதிந்து கொள்ளுதல் வேண்டும். குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தவறாது போடுதல் வேண்டும். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் நோவின்றியே உடலைக் கெடுப்பவை. ஆதலால் நோவு வருமட்டும் காத்திராமல் சோதித்துக் கொள்ளுதல் வேண்டும்.

மாணவர்களே! நம் பள்ளிக்குப் பல் மருத்துவக் குழுவினரும் தடுப்பூசி போடும் தாதியரும் வருகின்றனர். அந்நாளில் சிலர் கழிப்பறையில் ஒளிந்து கொள்வதை ஆசிரியர்கள் அறியாமல் இல்லை! நம் வாசல் தேடி வரும் மருத்துவம் அது. குடியாத்தம் சாலையில், வெயிலில், அவ்வண்டியின் ஒலிக்காகக் காத்து நின்ற பிள்ளைகளை ஒரு கணம் எண்ணுங்கள். பின்னர் வரிசையில் சென்று நில்லுங்கள்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் தாதியராகவும் ஆகலாம். எல்லாரும் அவ்வாறு ஆக இயலாது. ஆயினும், கிளினிக்கில் தரும் தாளைப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் படித்துச் சொல்வதும், மருந்து உண்ணும் வேளையைத் தாத்தாவுக்கு நினைவூட்டுவதும் உங்களால் இயலும். சலோமி தொடங்கியதும் அத்தகைய சிறு பணியிலிருந்துதான். இன்றே தொடங்குவீர்களாக!